தில்லி வந்ததிலிருந்து வயிறு உப்புசம்: கோதுமையா, பாலா, ராஜ்மாவா?

லட்சுமிநகர்_வாசி | திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். ஊரு திருநெல்வேலிப் பக்கம். சி.ஏ. கோச்சிங்குக்காக லட்சுமி நகர்ல ஒரு பிஜியில தங்கியிருக்கேன். காலையில எழுந்திருக்கும்போது வயிறு சாதாரணமாத்தான் இருக்கு. மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல இறுக ஆரம்பிக்குது. சாயங்கால கிளாஸ்ல ஜீன்ஸ் போட்டு உட்கார முடியலை, பட்டன் அழுத்தி வலிக்குது. கூடவே கடமுடான்னு சத்தம், வாயு. சில நாள் நாலு தடவை போகுது, அப்புறம் ரெண்டு நாள் ஒண்ணுமே போக மாட்டேங்குது. லீவுக்கு ஊருக்குப் போனா ஒரு வாரத்துல எல்லாம் சரியாகிடுது.

பிஜியில காலையில பராத்தா இல்லன்னா பிரெட், ஒரு பெரிய டம்ளர் பால். மதியம் ரொட்டி, சப்ஜி, தால். புதன்கிழமை ராஜ்மா, ஞாயித்துக்கிழமை சோலே. எல்லா கிரேவியிலயும் வெங்காயம், பூண்டு அரைச்சு ஊத்துறாங்க. பக்கத்து டாக்டர் ஸ்கேன் பார்த்தார், நார்மல். காலையில வெறும் வயித்துல போட கேஸ் மாத்திரை கொடுத்தார், வித்தியாசம் தெரியலை. கோதுமையை நிறுத்துன்னு ரூம்மேட் சொல்றா. இருநூறு சாப்பாட்டுப் பொருளுக்கு ஒரே ரத்த டெஸ்ட்ல ரிசல்ட் வரும், எடுத்துப் பாருன்னு இன்னொரு பொண்ணு சொல்றா. எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, பரீட்சை வேற வருது.

மயூர்விஹார்_மாமி | திங்கள் இரவு

கண்ணா, கல்யாணமாகி தில்லி வந்த புதுசுல எனக்கும் இதே அவஸ்தைதான். சாதமும் ரசமும் சாப்பிட்டு வளர்ந்த வயிறு இல்லையா. முதல்ல அந்தப் பாலைப் பத்திச் சொல்லு. ஊர்ல டம்ளர் டம்ளரா பால் குடிப்பியா, இல்ல காப்பியில விட்டுக்கறது மட்டும்தானா? ராத்திரி அரை ஸ்பூன் ஓமத்தைக் கொதிக்க வெச்சு வடிகட்டிக் குடி. பூண்டை நசுக்கிப் பால்ல வேகவெச்சுக் குடிச்சாலும் வாயு கலையும், எங்க மாமியார் காலத்துலேருந்து எங்காத்துல பண்றது.

முனிர்கா77 | செவ்வாய் காலை

கோதுமைதான், சந்தேகமே வேண்டாம். நான் சப்பாத்தியை விட்டு சாதம், இட்லி, ராகிக் களின்னு மாறினேன், வயிறு இறங்கிடுச்சு. ஐ.என்.ஏ. மார்க்கெட்ல இட்லி அரிசி, ராகி மாவு எல்லாம் கிடைக்குது. டெஸ்ட்டுக்குக் காசு செலவழிக்காதீங்க. ஒரு மாசம் கோதுமையை விட்டுப் பாருங்க, தானா தெரிஞ்சிடும்.

லேப்_டெக்னிஷியன் | செவ்வாய் மதியம்

தங்கச்சி, இப்போதைக்குக் கோதுமையை நிறுத்தாதீங்க. முதல்ல சீலியாக் நோய், அதாவது கோதுமையில இருக்கிற குளூட்டன்கிற புரதத்தால சிறுகுடல் கெடுற நோய், இருக்கான்னு பார்க்கணும், அதுக்கு நீங்க கோதுமை சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும். ரத்தத்துல டிடிஜி ஐஜிஏ அப்படின்னு ஒரு எதிர்ப்புப் புரதத்தை அளப்பாங்க. கூடவே மொத்த ஐஜிஏ அளவும் கேளுங்க. சிலருக்கு உடம்புல ஐஜிஏவே குறைச்சலா இருக்கும், அவங்களுக்கு நோய் இருந்தும் முதல் டெஸ்ட் நார்மல்னு வந்துடும். கோதுமையை விட்டு சில வாரம் ஆனாலே இந்த அளவு இறங்க ஆரம்பிக்கும். குடலும் ஆற ஆரம்பிக்கும். அப்புறம் எண்டோஸ்கோபி செஞ்சு சிறுகுடல்ல துணுக்கு எடுத்துப் பார்த்தாலும் குழப்பம்தான்.

‘இது வடநாட்டுக்காரங்க வியாதி, நமக்கு வராது’ன்னு நினைக்கிற தமிழங்களை லேப்ல பார்க்கிறேன். 2016ல வெளிவந்த பெரிய இந்திய ஆய்வு ஒண்ணு இருக்கு. வடக்குல நூத்துக்கு 1.23 பேருக்கு சீலியாக், தெற்குல 0.10தான். ஆனா அந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு வடக்குல 38 சதவீதம் பேர்கிட்ட இருந்தா, தெற்குலயும் 36 சதவீதம் பேர்கிட்ட இருக்கு. பெரிய வித்தியாசம் தட்டுல இருக்கு: வடக்குல ஒருத்தர் ஒரு நாளைக்குச் சராசரியா 455 கிராம் கோதுமை சாப்பிடுறார், தெற்குல 25 கிராம். ஊர்ல எப்பவாவது ஒரு பூரி சாப்பிட்டவங்க தில்லிக்கு வந்து மூணு வேளையும் கோதுமைக்கு மாறுறப்ப, டெஸ்ட் எடுத்துப் பார்த்துடுறது நல்லது.

முனிர்கா77 | செவ்வாய் மாலை

சார், நல்லா இருக்கிறவன் டெஸ்ட்டுக்காக மறுபடி கோதுமை சாப்பிட்டு எதுக்குக் கஷ்டப்படணும்? சாப்பிட்டா ஆகலை, விட்டேன், சரியாச்சு. இதுக்கு மேல என்ன தெரியணும்?

லேப்_டெக்னிஷியன் | செவ்வாய் இரவு

சீலியாக்கா இல்லையான்னு தெரியணும் சார். சீலியாக்னா ஆயுசுக்கும் துளிக் கோதுமை ஆகாது. வயிறு நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் உள்ள குடல் சேதமாகிட்டே இருக்கலாம், இரும்புச்சத்து இறங்கும், எலும்பு பலம் குறையும். பெத்தவங்க, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்களும் டெஸ்ட் எடுக்கணும். சீலியாக் இல்லன்னா விருந்துல ஒரு பூரி சாப்பிடுறதுக்கு நீங்க பயப்படவே வேண்டாம். உங்களை மாதிரி ஏற்கெனவே விட்டவங்களுக்கு மரபணு டெஸ்ட் இருக்கு, அதுக்குக் கோதுமை சாப்பிட வேண்டியதில்லை. அந்த மரபணு இல்லைன்னு வந்தா சீலியாக்கை அநேகமா ஒதுக்கிடலாம். இருக்குன்னு வந்தா அதை மட்டும் வெச்சு நோய்னு சொல்ல முடியாது, டாக்டர்தான் மேல முடிவு பண்ணுவார்.

துவாரகா_அப்பா | புதன் காலை

இந்த விஷயத்தை யாரும் லேசா எடுத்துக்க வேண்டாம். என் மகளுக்கு சீலியாக். வயிறு உப்பலோட வாய்ப்புண், வெளுத்த முகம், வயசுக்கேத்த வளர்த்தி இல்லாம இருந்தா. ரத்தசோகைன்னு இரும்பு டானிக் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க, ஏறவே இல்லை. காரணம் தெரிஞ்ச பிறகுதான் பிள்ளை தேறினா.

ரொட்டியை நிறுத்துறது சுலபம். கண்ணுக்குத் தெரியாத கோதுமைதான் எங்களைப் படுத்தினது. தில்லி மாவு மில்லுல போய் நில்லுங்க: மேல கூம்புல கோதுமை ஓடி முடிஞ்சதும் அதே கல்லுலதான் உங்க ராகியைக் கொட்டுறாங்க. முதல்ல விழுற ரெண்டு கை மாவு ராகி நிறத்துலயே இருக்காது. கடலை மாவும் அப்படித்தான். நாங்க வீட்டுக்குச் சின்ன மெஷின் ஒண்ணு வாங்கிட்டோம், அதுல கோதுமை படுறதே இல்லை. அடுத்தது பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்துல மைதாவோ கோதுமை மாவோ கலப்பாங்க, டப்பாவைத் திருப்பிப் படிங்க. அரிசி மாவு கலந்ததும் கிடைக்குது. ரவா இட்லி, சேமியா உப்புமா, ரவா கேசரி எல்லாமே கோதுமைதான்னு சொந்தக்காரங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ‘ரவைதானே, சப்பாத்தி இல்லையே’ம்பாங்க. குளூட்டன் இல்லைன்னு பாக்கெட்ல போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி இருக்கு, அந்த அச்சைத் தேடி வாங்குங்க. நவராத்திரி சமயத்துல இங்க விரதத்துக்குன்னு குட்டு மாவு, சிங்காடா மாவு, சாமக் அரிசி வரும். மூணுமே கோதுமை இனம் இல்லை, ஆனா சில்லறையா வாங்காம பாக்கெட்டா வாங்கணும்.

இந்தக் கட்டுப்பாடு எல்லாம் சீலியாக் உள்ளவங்களுக்கு. மத்தவங்க இவ்வளவு பயந்து வாழ வேண்டியதில்லை. அதனாலதான் சொல்றேன், டெஸ்ட்டை முதல்ல எடுத்துடும்மா.

உணவியல்_தில்லி | புதன் இரவு

மருத்துவமனை ஒண்ணுல டயட்டீஷியனா இருக்கேன். லட்சுமிநகர் தங்கச்சி எழுதின மெனுவைப் படிச்சதும் எனக்கு மூணு விஷயம் தெரிஞ்சது. டம்ளர் பால்ல லாக்டோஸ். ரொட்டி, வெங்காயம், பூண்டு மூணுலயும் ஃபிரக்டான். ராஜ்மா, சோலேயில ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ். எல்லாமே ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலிங்க. சிறுகுடல்ல உறிஞ்சப்படாம பெருங்குடலுக்குப் போயிடுச்சுன்னா அங்க இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் வாயு கிளம்பும். குடலுக்குள்ள தண்ணியும் சேரும். ஃபிரக்டானையும் பயறுச் சர்க்கரையையும் உடைக்கிற நொதி மனுஷன் யாருக்குமே கிடையாது. எல்லாருக்கும் வாயு வரும், சிலருக்கு அந்தக் குடல் விரிவே வலியாத் தெரியும்.

பால் முதல்ல. லாக்டோஸை உடைக்கிற லாக்டேஸ் நொதி நம்மில் பல பேருக்குப் பால்குடி வயசு தாண்டினதும் குறைஞ்சிடும். பெரியவங்க ஆனபிறகும் அதை நிலைக்க வைக்கிற மரபணு மாற்றம் இந்தியாவோட வடமேற்குல அதிகம், தெற்கே வர வரக் குறையுது. 200 மில்லி பால்ல சுமாரா 10 கிராம் லாக்டோஸ். நொதி குறைஞ்சவங்க பல பேர் சாப்பாட்டோட சேர்த்து 12 கிராம் வரைக்கும் தாங்குவாங்கன்னு ஆய்வு சொல்லுது. அதனால காப்பிக்கு விடுற பாலை யாரும் விட வேண்டியதில்லை, வெறும் வயித்துல குடிக்கிற பெரிய டம்ளர்தான் சிக்கல். தயிர் உறையும்போது பாக்டீரியா லாக்டோஸ்ல கொஞ்சத்தைத் தின்னுடும், மிச்சத்தை ஜீரணிக்கவும் உதவும். பனீர் பண்ணும்போது திரிஞ்ச தண்ணியோட பெரும்பகுதி போயிடும். கோவா, பேடா, ரப்ரி நேர் எதிர், பாலைச் சுண்டச் சுண்ட லாக்டோஸ் அடர்த்தியாகும். சந்தேகம் இருந்தா மூச்சுப் பரிசோதனை இருக்கு: லாக்டோஸ் கரைசலைக் குடிக்க வெச்சு, மூச்சுல ஹைட்ரஜன் ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) ஏறுதான்னு பார்ப்பாங்க.

கோதுமை அடுத்தது. குளூட்டன் மேல எல்லாரும் பழி போடுறாங்க. 2018ல நார்வேயில ஒரு ஆய்வு வந்தது. சீலியாக் இல்லாம ‘குளூட்டன் எனக்கு ஆகாது’ன்னு சொன்ன 59 பேருக்கு, எதுல என்ன இருக்குன்னு சொல்லாம குளூட்டன் கலந்த பார், ஃபிரக்டான் கலந்த பார், ரெண்டும் இல்லாத பார்னு ஒவ்வொரு வாரம் கொடுத்தாங்க. உப்புசத்தைக் கூட்டினது ஃபிரக்டான். முனிர்கா சாருக்குச் சப்பாத்தியை விட்டதும் சரியானதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். அப்படின்னா அவருக்கு ரெண்டு ரொட்டி தாங்கும், நாலு தாங்காதுன்னு கூட இருக்கலாம்.

ஒண்ணு கவனிங்க. பால்னா அரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரத்துல தெரியும். ராஜ்மாவும் வெங்காயமும் பெருங்குடலுக்குப் போய்ச் சேர இன்னும் பல மணி நேரம் ஆகலாம். ராத்திரி ராஜ்மா சாப்பிட்டுட்டு, காலையில சாப்பிட்ட இட்லி மேல பழி போடுறவங்க நிறைய. அதனால ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க: என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணி, எவ்வளவு, வயிறு எப்ப உப்பிச்சு, மலம் போச்சா, மாதவிடாய் நாளா, எவ்வளவு நேரம் தூங்கினீங்க.

வரிசை இப்படி வெச்சுக்குங்க. முதல்ல சீலியாக் டெஸ்ட். அப்புறம் டம்ளர் பாலை மட்டும் ஒரு வாரம் போல நிறுத்திப் பாருங்க. போதலைன்னா ஆஸ்திரேலியாவுல மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கின ஃபாட்மேப் முறை: இந்தச் சர்க்கரைகளை எல்லாம் ரெண்டிலிருந்து ஆறு வாரம் குறைக்கிறது, பிறகு ஒவ்வொண்ணாத் திரும்பக் கொண்டுவர்றது, கடைசியில தனக்குத் தாங்குற அளவு வெச்சுச் சாப்பிடுறது. என்கிட்ட வர்றவங்கள்ல பல பேர் முதல் கட்டத்துலயே நின்னுடுறாங்க. வயிறு லேசாயிடுச்சுன்னு மாசக்கணக்கா சாதமும் கேரட்டுமா ஓட்டுறாங்க. குடலுக்கு நல்லது செய்ற பிஃபிடோ பாக்டீரியா அதனால குறையுது, நார்ச்சத்து குறையுது, மலச்சிக்கல் வந்து உப்புசம் வேற வழியில திரும்ப வருது. திரும்பக் கொண்டுவர்றதுதான் இதுல முக்கியமான வேலை. ஒரு பொருளை எடுத்துக்கிட்டு மூணு நாள், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வழக்கமான அளவுன்னு ஏத்துங்க. அந்த நாள்ல வேற எதையும் புதுசாச் சேர்க்காதீங்க.

மயூர்விஹார்_மாமி | வியாழன் காலை

அம்மா, விவரமாச் சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா பூண்டு வாயுவைக் கூட்டும்னு சொல்றது மனசுக்கு ஒப்பலை. பிள்ளை பெத்தவளுக்குப் பூண்டுதான் கொடுக்கறோம். தலைமுறை தலைமுறையா வந்தது பொய்யாகுமா?

உணவியல்_தில்லி | வியாழன் மதியம்

மாமி, பூண்டு ஒத்துக்கிறவங்க தாராளமாச் சாப்பிடலாம். குடல் கூருணர்ச்சி உள்ளவங்களுக்கு மட்டும் கொஞ்சம்கூட ஆகாம போகுது. பாலும் பூண்டும் சேர்ந்தா இந்தப் பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் இடி. மணம் வேணும்னா வழி இருக்கு. ஃபிரக்டான் தண்ணியில கரையும், எண்ணெயில கரையாது. நல்லெண்ணெயில முழுப் பூண்டைப் பொன்னிறமாகுற வரைக்கும் வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுட்டு அந்த எண்ணெயில தாளிங்க. சாம்பார்ல கொதிச்ச வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்து வெச்சா பிரயோஜனம் இல்லை, அதுக்குள்ள குழம்புல இறங்கியிருக்கும். பூண்டு எண்ணெயைப் பாட்டில்ல போட்டு வெளிய வைக்காதீங்க, பொட்டுலிசம் நச்சு உண்டாகலாம், அன்னன்னிக்குப் பண்ணுங்க. வெங்காயம் பூண்டு இல்லாம உங்காத்துல பண்ற பருப்பு ரசம், பெருங்காயம் போட்ட வெண்டைக்காய்க் கறி, கத்திரிக்காய்ப் பொரியல் எல்லாம் இதுக்குன்னே அமைஞ்ச சமையல் மாமி. ஓமத் தண்ணியும் குடிக்கட்டும், பாதகமில்லை.

கரோல்பாக்_அக்கா | வியாழன் இரவு

அந்த இருநூறு பொருள் டெஸ்ட்டைப் பத்தி நானும் சொல்லணும். என் தங்கச்சிக்கு ஒரு லேப்ல எடுத்தாங்க. அரிசி, மஞ்சள், தேங்காய், தயிர், முட்டைன்னு சிவப்புல குறிச்ச பட்டியல் வந்தது. எல்லாம் அவ தினமும் சாப்பிடுறது. ஒண்ணொண்ணா விட்டு எடை குறைஞ்சு, சாப்பாட்டைப் பார்த்தாலே அழுதா. உப்புசம் அப்படியேதான் இருந்தது.

லேப்_டெக்னிஷியன் | வியாழன் இரவு

அக்கா சொல்றது சரி. அது ரத்தத்துல ஐஜிஜிங்கிற எதிர்ப்புப் புரதத்தை அளக்கிற டெஸ்ட். ஒரு பொருளைச் சாப்பிட்டுப் பழகின உடம்பு அதுக்கு ஐஜிஜி உண்டாக்கும், அதைப் பார்த்து ஆகாதுன்னு சொல்ல முடியாது. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் சங்கம் 2008லயே இதை எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கு. சாப்பிட்ட உடனே தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தா அது அலர்ஜி, ஐஜிஇங்கிற வேற எதிர்ப்புப் புரதம் சம்பந்தப்பட்டது. அதை வீட்டுல சோதிச்சுப் பார்க்கவே கூடாது, உடனே மருத்துவமனை.

ஓய்வு_ஆர்கேபுரம் | வெள்ளி காலை

அனைவருக்கும் வணக்கம். இளைஞர்களுக்கான விவாதமாகப் போகிறது, வயதானவர்களுக்காக இரண்டு வார்த்தை. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையாலேயே பலருக்கு உப்புசமும் கழிச்சலும் வரும். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் குறையும். மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் வயிற்றுத் தொல்லையை உணவு ஒவ்வாததென்று விட்டுவிடாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், காய்ச்சல், விழுங்கச் சிரமம் இருந்தால் எந்த வயதிலும் தாமதிக்கக் கூடாது. பெண்கள் இன்னொன்றையும் மனதில் கொள்ள வேண்டும். வந்து வந்து போகாமல் நாள்தோறும் நிலையாக இருக்கும் உப்புசம், இரண்டு வாய்க்குள் வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர் போவது இவை சினைப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். என் குடும்பத்தில் ஒருவரை வாயு என்றே நினைத்திருந்தோம். தயவுசெய்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

உணவியல்_தில்லி | வெள்ளி காலை

ஐயா, இதை எழுதினதுக்கு மிக்க நன்றி. இன்னொண்ணு சேர்க்கிறேன்: தில்லி வந்ததும் ஒரு தடவை கடுமையான வயித்துப்போக்கு வந்து அதுலேருந்து ஆரம்பிச்சவங்க ஜியார்டியா கிருமிக்கு மலப் பரிசோதனை எடுங்க. அது சிறுகுடலைப் பாதிச்சு, கொஞ்ச காலத்துக்குப் பாலையும் ஆகாமப் பண்ணும்.

லட்சுமிநகர்_வாசி | சில வாரங்கள் கழித்து

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த இருநூறு பொருள் டெஸ்ட் எடுக்கலை. டிடிஜி, மொத்த ஐஜிஏ ரெண்டும் நார்மல். டம்ளர் பாலை நிறுத்தினதும் காலை நேரக் கடமுடாவும் கழிச்சலும் போயிடுச்சு, காப்பியும் தயிரும் ஒண்ணும் பண்ணலை. சாயங்கால உப்புசம் மட்டும் இருந்துச்சு. நோட்டைப் பார்த்தா எல்லாம் கிரேவி நாள். பிஜி ஆன்ட்டிகிட்ட பேசினேன், எனக்கு மட்டும் சப்ஜியை மசாலா ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணத்துல எடுத்து வைக்கிறாங்க, நான் சீரகமும் பெருங்காயமும் தாளிச்சுக்கறேன். ரொட்டி ரெண்டு, மிச்சத்துக்குச் சாதம். ரொட்டி மூணாச்சுன்னா தெரியுது. ராஜ்மாவைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன்: ராத்திரி ஊறவெச்ச தண்ணியைக் கொட்டிட்டு நல்லா வேகவெச்சா நாலு ஸ்பூன் தாங்குது. ஆனா கோச்சிங்ல மாக் டெஸ்ட் (மாதிரிப் பரீட்சை) நாள்ல என்ன சாப்பிட்டாலும் வயிறு முன்னாடி தள்ளுது. அது ஏன்?

உணவியல்_தில்லி | அதே நாள் இரவு

ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. டெஸ்ட் நாள் விஷயமும் நிஜமானதுதான். சிலருக்கு வாயு கூடாமலே வயிறு தள்ளும். உதரவிதானம் கீழ இறங்கி, முன்வயித்துத் தசை தளர்ந்து கொடுத்துடும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தே இதைச் சொல்லியிருக்காங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் அஞ்சு நிமிஷம் ஒரு கை வயித்துல, ஒரு கை நெஞ்சுல வெச்சு, நெஞ்சு அசையாம மெதுவா மூச்சு விட்டுப் பழகுங்க. பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தா இன்னும் நல்லது. அந்த நாள்ல சூயிங்கம், சோடா வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல சார்பிட்டால் இருக்கும், அதுவும் உப்ப வைக்கும்.

ரோகிணி_அம்மா | மறுநாள்

புதுசாச் சேர்ந்திருக்கேன். என் பையனுக்கு ஆறு வயசு, அடிக்கடி வயிறு உப்பி வலிக்குதுன்னு சொல்றான். இந்த இழையைப் படிச்சுட்டு பால், ரொட்டி, வெங்காயம் மூணையும் நிறுத்தலாம்னு இருக்கேன். செய்யலாமா?

உணவியல்_தில்லி | மறுநாள்

வேண்டாம்மா, எதையும் நிறுத்தாதீங்க. வளர்ற பிள்ளைக்கு இந்த முறையை வீட்டுல தானாச் செய்யக் கூடாது. குழந்தை மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, உயரம், எடை எழுதின பழைய அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க. மலம் கட்டியாப் போறானா, எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கவனிச்சுச் சொல்லுங்க, இந்த வயசுல வயித்துவலிக்கு மலச்சிக்கல்தான் ரொம்ப சாதாரணமான காரணம். சீலியாக் டெஸ்ட் எடுக்கலாமான்னு நீங்களே கேளுங்க. ரத்தம் எடுக்கிற வரைக்கும் ரொட்டி வழக்கம் போல சாப்பிடட்டும்.